வடிகட்டியை ஏமாற்றி அனுப்பும் விளம்பரம்: குளுவாங் வாசகருக்குப் பதில்

கேள்வி: குளுவாங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, இப்போது டவுனை ஒட்டிய தாமானில் குடியிருக்கிறேன். வீட்டிலிருந்தே முறுக்கு, அதிரசம், நெய்யுருண்டை செய்து விற்கும் தொழிலை என் பெயரில், மலேசிய நிறுவனப் பதிவு ஆணையமான எஸ்எஸ்எம்மில் பதிந்து நடத்துகிறேன். சிங்கப்பூரில் வேலை செய்யும் நம் ஊர்க்காரர்களும் தீபாவளிக்கு ஆர்டர் கொடுப்பார்கள். இவ்வாண்டு வியாபாரத்தைப் பெருக்கலாம் என்று ஜொகூர் பாருவில் உள்ள ஒரு விளம்பர ஏஜெண்டிடம் பேசினேன். மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்களின் 40,000 மின்னஞ்சல் முகவரிகள் தம்மிடம் இருப்பதாகவும், ஸ்பேம் பெட்டியில் விழாமல் நேரே இன்பாக்ஸில் போய் நிற்கும்படி அனுப்பத் தமக்குத் தெரியும் என்றும் சொன்னார். முன்பணம் கொடுத்தேன். முதல் தவணையாக 3,000 பேருக்கு அனுப்பிவிட்டார். அதன் பிறகு, நான் அனுப்பும் பில்கூட வரவில்லை என்று பழைய வாடிக்கையாளர்கள் சிலர் சொல்கிறார்கள். சிங்கப்பூரிலிருந்து ஒருவர், "என் முகவரி உங்களுக்கு எப்படிக் கிடைத்தது? புகார் செய்யப் போகிறேன்" என்று எழுதியிருக்கிறார். பாலிடெக்னிக்கில் படிக்கும் என் மகன் இது குற்றம் என்கிறான்; ஏஜெண்டோ எல்லாரும் செய்வதுதானே என்கிறார். மீதமுள்ள 37,000 பேருக்கு அனுப்பலாமா? தவறு என்றால் பொறுப்பு அவருக்கா, எனக்கா? அனுப்பிய அஞ்சலின் பிரதியை இணைத்துள்ளேன்.

பதில்:

அன்புச் சகோதரிக்கு வணக்கம். மீதமுள்ள 37,000 பேருக்கு அனுப்ப வேண்டாம். இந்தப் பதிலைப் படித்து முடிக்கும் முன்பே ஏஜெண்டுக்கு எழுத்து மூலம் சொல்லி நிறுத்துங்கள். உங்கள் மகன் சொல்வது பெரும்பாலும் சரி. ஆனால் எது குற்றம் என்பதை அவர் இன்னும் சற்று நுணுக்கமாகப் பார்க்க வேண்டும். பலகாரம் விற்பதற்கு விளம்பரம் செய்வது குற்றமல்ல. அதை மின்னஞ்சலில் செய்வதும் தன்னளவில் குற்றமல்ல. கேளாதவருக்கு, அவர் அறியாமல் கைமாறிய முகவரிக்கு, அனுப்புபவர் யார் என்பதை மறைத்து அனுப்பும்போதுதான் சட்டம் உள்ளே வருகிறது. குப்பை அஞ்சலைப் பிரித்துத் தள்ளும் வடிகட்டியைத் தாண்டுவதற்காக ஏஜெண்ட் செய்த ஒவ்வொரு தந்திரமும், பின்னால் விசாரணை என்று வந்தால், தெரிந்தேதான் செய்தீர்கள் என்பதற்குச் சான்றாக நிற்கும். அவர் உங்களுக்கு விற்ற 'திறமை'யே உங்களுக்கு எதிரான ஆவணம். இந்தப் பதில் முழுவதும் இந்த ஒன்றைச் சுற்றியே அமையும்.

முதலில் நீங்கள் இணைத்த அஞ்சலைப் பார்ப்போம். அதன் தலைப்பு, "பதில்: உங்கள் தீபாவளி ஆர்டர்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் இருக்கிறது. பெற்றவர் எந்த ஆர்டரும் கொடுத்ததில்லை. உங்களுக்கு எதுவும் எழுதியதும் இல்லை. தாம் தொடங்கிய உரையாடலுக்கு வந்த பதில் என்று அவர் நம்பித் திறக்க வேண்டும் என்பதே அந்தத் தலைப்பின் நோக்கம். அடுத்து, தீபாவளி என்ற சொல்லை ஏஜெண்ட் ஆங்கில எழுத்தில் எழுதியிருக்கிறார் அல்லவா, அதில் வரும் இரண்டு 'ஏ' எழுத்துகளும் ஆங்கில எழுத்துகளே அல்ல. ரஷ்ய மொழி எழுதப் பயன்படும் சிரிலிக் வரிசையில், பார்வைக்கு அச்சாக அதேபோல் இருக்கும் எழுத்தை எடுத்துப் பொருத்தியிருக்கிறார். மனிதக் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது; கணினிக்கு அது முற்றிலும் வேறு சொல். விலைப்பட்டியல் எழுத்தாக இல்லை, ஒரே படமாக இருக்கிறது. படத்துக்குக் கீழே வெற்றிடம்போல் தெரியும் பகுதியைச் சுட்டியால் இழுத்துத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்: வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக, வானிலைச் செய்தியும் ஏதோ ஒரு பயணக் கட்டுரையின் துண்டும் ஒளிந்திருக்கின்றன. அனுப்புநர் முகவரியின் டொமைன், அதாவது @ குறிக்குப் பின்னால் வரும் இணையப் பெயர், உங்களுடையது அல்ல. அஞ்சல் போவதற்குச் சில நாள் முன்புதான் பதிவு செய்யப்பட்டது. 'இனி அனுப்ப வேண்டாம்' என்ற இணைப்பை அழுத்தினால் எந்தப் பக்கமும் திறக்கவில்லை. உங்கள் தொழிலின் பெயரும் இணையதளமும் மட்டும் படத்திலும் இணைப்பிலும் தெளிவாக இருக்கின்றன. ஏஜெண்டின் பெயர் எங்கும் இல்லை என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

இவற்றில் ஒன்றுகூட அவருடைய கண்டுபிடிப்பு அல்ல. எல்லாமே இருபது ஆண்டுப் பழைய சரக்கு. 2002 ஆகஸ்டில் பால் கிரஹாம் என்ற அமெரிக்க நிரலாளர், ஒரு சொல் குப்பை அஞ்சலில் எத்தனை முறை வருகிறது, நல்ல அஞ்சலில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, அந்த நிகழ்தகவுகளைச் சேர்த்து அஞ்சலை மதிப்பிடும் முறையை விளக்கி எழுதினார்; அதன் பிறகு அம்முறை எங்கும் பரவியது. அதற்குச் சற்று முன்பே வந்த ஸ்பேம்அசாசின் என்ற மென்பொருள், ஒவ்வொரு சந்தேகக் குறிக்கும் ஒரு மதிப்பெண் கொடுத்து, கூட்டுத்தொகை 5ஐ எட்டினால் குப்பை என்று முத்திரை குத்தியது. குப்பை அனுப்புவோரின் எதிர்வினை எளிதில் ஊகிக்கக் கூடியதுதான். சந்தேகத்துக்குரிய சொல்லில் எழுத்தை மாற்றினால் எண்ணிக்கை தப்பும் என்றும், நல்ல சொற்களை வெள்ளை எழுத்தில் கொட்டினால் நிகழ்தகவு குழம்பும் என்றும், சொல்லே இல்லாமல் படமாக அனுப்பினால் எண்ணுவதற்கு எதுவும் இராது என்றும் கணக்குப் போட்டார்கள். 2006 வாக்கில் படக் குப்பை உலகெங்கும் பெருகியதற்கு இதுவே காரணம். எழுத்துகளுக்கு இடையே அகலமே இல்லாத மறைகுறியைச் செருகுவதும் உண்டு. தமிழுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது: 'க்', 'ஷ' இரண்டும் கூட்டெழுத்தாகச் சேர்ந்துவிடாமல் தனித்தனியே நிற்க, கணினியில் அத்தகைய மறைகுறி ஒன்று நியாயமாகவே தேவைப்படும். அதனால் வடிகட்டி அந்தக் குறியைக் கண்டவுடன் தள்ளிவிட முடியாது. அது எங்கே, எத்தனை முறை வருகிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

இத்தந்திரங்கள் சில காலம் பலித்தன. பிறகு ஒவ்வொன்றும் தானே ஒரு சந்தேகக் குறியாக மாறியது. ஒரே சொல்லுக்குள் இரண்டு மொழிகளின் எழுத்து கலந்திருப்பதற்கு, நேர்மையாக எழுதுபவரிடம் காரணம் அநேகமாக இருப்பதில்லை. வெள்ளையில் வெள்ளையாக எழுதுவதற்கும் அப்படியே. இன்றைய வடிகட்டி படத்தில் உள்ள எழுத்தையும் படிக்கிறது. ஆகவே ஏஜெண்டின் வேலைப்பாடு உங்கள் அஞ்சலை மறைக்கவில்லை. அதன் மேல் விளக்கைப் போட்டுக் காட்டியது.

அஞ்சலில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, அதை அனுப்புபவர் யார் என்பதற்கே இப்போது அதிக எடை. எஸ்பிஎஃப் என்ற பதிவு, ஒரு டொமைனின் பெயரில் அஞ்சல் அனுப்ப எந்தச் சேவையகங்களுக்கு (சர்வர்) அனுமதி உண்டு என்று அறிவிக்கிறது. டிகிம் என்பது, கம்பெனி சாப் குத்துவதுபோல, ஒவ்வொரு அஞ்சலிலும் மறைகுறியீட்டுக் கையொப்பம் ஒன்றைப் பதிக்கிறது. டிமார்க் என்பது, இவ்விரண்டும் பொருந்தாவிட்டால் அந்த அஞ்சலை என்ன செய்ய வேண்டும் என்று பெறும் தரப்புக்குச் சொல்கிறது. 2024 பிப்ரவரி முதல், ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000 அஞ்சல்களுக்கு மேல் அனுப்புவோர் இம்மூன்றையும் வைத்திருக்க வேண்டும், விளம்பர அஞ்சலிலிருந்து ஒரே அழுத்தத்தில் விலகும் வசதி தர வேண்டும், 'இது ஸ்பேம்' என்று பெறுநர்கள் சொல்லும் விகிதம் 0.3 விழுக்காட்டை எட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கூகுள் நிபந்தனை விதித்தது; யாஹூவும் அதே காலத்தில் ஏறக்குறைய அதே விதிகளைக் கொண்டுவந்தது. ஆயிரத்துக்கு மூன்று பேர் முகம் சுளித்தாலே போதும் என்றால், விலைக்கு வாங்கிய பட்டியலுக்கு அங்கே இடமில்லை.

இதையும் சுற்றிப் போக முயல்பவர்கள் இருக்கிறார்கள். ஒரே முகவரியிலிருந்து ஏராளமாக அனுப்பாமல், நூற்றுக்கணக்கான டொமைன்களிலும் இணைய முகவரிகளிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பரப்பி அனுப்புவது ஒரு வழி. பிறருடைய கணினிகளைத் தீநிரலால் பிடித்து, அவற்றின் வழியே அனுப்புவது இன்னொன்று. அது வெளிப்படையான குற்றம். 2008 நவம்பரில் கலிஃபோர்னியாவில் மெக்கோலோ என்ற ஒரே ஒரு நிறுவனத்தின் இணையத் தொடர்பைத் துண்டித்தபோது, உலகின் குப்பை அஞ்சல் பாதிக்கும் மேலாகச் சரிந்தது. இத்தகைய கணினிப் படைகளை இயக்கிய கட்டளைச் சேவையகங்கள் அங்கே இருந்ததுதான் காரணம். உங்கள் ஏஜெண்ட் எந்தச் சேவையகங்களிலிருந்து அனுப்பினார் என்று கேளுங்கள். அதற்கு நேர்ப்பதில் வராவிட்டால், மலேசியாவின் 1997ஆம் ஆண்டு கணினிக் குற்றச் சட்டமும் கணக்கில் சேர வாய்ப்புண்டு என்று கொள்ளுங்கள்.

உங்கள் பில்கள் ஏன் போய்ச் சேரவில்லை என்பதற்கும் விடை இங்கேதான் இருக்கிறது. ஏஜெண்ட் பயன்படுத்திய டொமைன் வேறாக இருந்தாலும், அஞ்சலுக்குள் இருந்த இணைப்பு உங்கள் தளத்துக்குத்தான் போகிறது. குப்பை அஞ்சலைக் கண்காணிக்கும் ஸ்பேம்ஹவுஸ் போன்ற அமைப்புகள், குப்பை அஞ்சலின் உடலில் காணப்படும் டொமைன்களுக்கும் தனித் தடைப்பட்டியல் வைத்திருக்கின்றன. மேலும் விற்பனைக்கு வரும் முகவரிப் பட்டியல்களில், எந்த மனிதருக்கும் சொந்தமில்லாத பொறி முகவரிகள் கலந்திருப்பது வழக்கம். அவை யாரிடமும் எதையும் கேட்டுப் பெறாதவை. அவற்றுக்கு ஓர் அஞ்சல் போனாலே, அனுப்பியவர் முகவரியை முறைகேடாகப் பெற்றார் என்பது உறுதியாகிவிடும். ஆக, பல ஆண்டாக உங்களிடம் அதிரசம் வாங்கும் வாடிக்கையாளருக்குப் போக வேண்டிய பில், ஏஜெண்ட் உண்டாக்கிய கெட்ட பெயரால் ஸ்பேம் பெட்டியில் கிடக்கிறது. தீபாவளி நெருங்கும் நேரத்தில், அபராதத்தைக் காட்டிலும் இந்த நட்டம்தான் உங்களை முதலில் வந்தடையும்.

இனி சட்டம். மலேசியாவில் உங்களுக்கு மிக அருகில் இருப்பது 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அது 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் இருக்கிறது. வணிகத்தின் பொருட்டு ஒருவருடைய தரவைக் கையாள அவருடைய ஒப்புதல் வேண்டும் என்பது அதன் முதல் நெறி. மின்னஞ்சல் முகவரி ஓர் ஆளை அடையாளம் காட்டுமானால் அதுவும் தனிநபர் தரவுதான். இந்நெறிகளை மீறுவதற்கான தண்டனை, 2024ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், அல்லது 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் என்று உயர்ந்திருக்கிறது. அதற்கு முன் அது 3 லட்சம் ரிங்கிட்டும் 2 ஆண்டுமாக இருந்தது. இவை உச்ச வரம்புகள். வீட்டுப் பலகாரத் தொழிலுக்கு நாளையே இந்தத் தொகை விதிக்கப்படும் என்று உங்களைப் பயமுறுத்துவது என் நோக்கமல்ல. ஆனால் வரம்பு மூன்று மடங்குக்கு மேல் உயர்ந்திருப்பது, நாடாளுமன்றம் இதை எவ்வளவு கடுமையாகப் பார்க்கிறது என்பதைக் காட்டுகிறது.

அதே சட்டத்தின் 43ஆம் பிரிவு, தம் தரவை நேரடி விற்பனை விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதை நிறுத்துமாறு எழுத்து மூலம் கேட்கும் உரிமையை எவருக்கும் தருகிறது. கேட்டும் நிறுத்தாவிட்டால் அவர் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் போகலாம். ஆணையர் இடும் உத்தரவையும் மீறினால் 2 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை. உங்கள் அஞ்சலில் விலகும் இணைப்பு வேலை செய்யவில்லை என்றேனே, அதன் பொருளை இப்போது எண்ணிப் பாருங்கள். பிறர் சட்டப்படிக் கேட்கக்கூடிய ஒன்றைக் கேட்பதற்கே வழியில்லாமல், வழி இருப்பதுபோல் மட்டும் காட்டி ஏஜெண்ட் அடைத்து வைத்திருக்கிறார்.

ஏஜெண்டைப் பொறுத்தவரை 130ஆம் பிரிவு முக்கியமானது. தரவை வைத்திருப்பவரின் சம்மதமின்றி, அறிந்தோ அலட்சியமாகவோ அதைத் திரட்டுவதும், வெளியிடுவதும், வெளியிடச் செய்வதும் அதன்படி குற்றம். அப்படிப் பெற்றதை விற்பதும், விற்க முன்வருவதும் குற்றம். 5 லட்சம் ரிங்கிட் வரை அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் இதற்கு உண்டு. '40,000 முகவரி கைவசம் உள்ளது' என்று அவர் வாட்ஸ்அப்பில் உங்களுக்கு அனுப்பிய விளம்பரமே விற்க முன்வந்ததற்குச் சான்றாகலாம். இங்கே நம்மவர்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். தோட்டப்புறச் சிற்றூர்களில் தமிழர்களின் முகவரி மட்டும் அடங்கிய பட்டியல் எங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறீர்கள்? கோயில் திருப்பணி நன்கொடைப் பதிவேடு, தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் உறுப்பினர் பட்டியல், முன்னாள் மாணவர் ஒன்றுகூடலின் வருகைப் பதிவு, காப்புறுதி முகவரின் பழைய கோப்பு. யாரோ ஒருவர், "நம்ம ஆள்தானே" என்று எடுத்துக் கொடுத்திருப்பார். கும்பாபிஷேகத்துக்கு நன்கொடை கொடுத்தவர் ரசீதுக்காக முகவரி தந்தாரே ஒழிய முறுக்கு விளம்பரத்துக்காக அல்ல. உங்கள் கடிதத்தில் இல்லை என்றாலும் கேட்கிறேன்: உங்கள் பிள்ளைகள் படித்த பள்ளியின் பட்டியலை ஏஜெண்ட் உங்களிடம் கேட்டிருந்தால், தயவுசெய்து கொடுக்காதீர்கள், கொடுத்திருந்தால் திரும்பப் பெறுங்கள்.

அடுத்தது 1998ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டம். அதன் 233ஆம் பிரிவு, தொல்லை தரும் நோக்கத்துடன், அடையாளத்தைக் காட்டியோ மறைத்தோ, தொடர்ந்தோ ஒருமுறையோ பிறருக்குச் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்குகிறது. 2025 பிப்ரவரி 11இல் நடப்புக்கு வந்த திருத்தத்தால், அதன் உச்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 5 லட்சமாகவும், சிறை 1 ஆண்டிலிருந்து 2 ஆண்டாகவும் உயர்ந்தது. இப்பிரிவின் வீச்சைப் பற்றி நீதிமன்றங்களில் நிறைய வாதம் நடந்திருக்கிறது. ஒரே ஒரு விளம்பர அஞ்சலில் தொல்லை தரும் நோக்கத்தை மெய்ப்பிப்பதும் எளிதல்ல. ஆனால் கேளாத வணிக மின்செய்திகளுக்கென்றே 233ஏ என்ற தனிப் பிரிவையும் அந்தத் திருத்தச் சட்டம் வகுத்திருக்கிறது. காற்று எந்தத் திசையில் அடிக்கிறது என்பதில் ஐயமில்லை. இது தமக்குப் பொருந்தும் என்று எண்ணி நடப்பவர் எதையும் இழக்கமாட்டார்.

சிங்கப்பூர் அஞ்சல்களைத்தான் நீங்கள் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை என்று தோன்றுகிறது. அங்கே 2007 முதல் ஸ்பேம் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறது. அனுப்புபவர் குளுவாங்கில் இருந்தாலும், பெறுபவர் சிங்கப்பூரில் அதைத் திறந்தால் அச்சட்டம் பொருந்தும். ஒரே பொருள் பற்றிய செய்தியை 24 மணி நேரத்தில் 100க்கு மேலோ, 30 நாளில் 1,000க்கு மேலோ, ஓராண்டில் 10,000க்கு மேலோ அனுப்பினால் அது மொத்த அஞ்சல். கேளாதவருக்கு அப்படி அனுப்பும் வணிக அஞ்சலின் தலைப்பில், விளம்பரம் என்று காட்டும் ஏடிவி என்ற மூன்றெழுத்து அடையாளம் முன்னால் இருக்க வேண்டும். தலைப்பு ஏமாற்றுவதாக இருக்கக் கூடாது. விலகும் வசதி இருக்க வேண்டும். விலகக் கேட்டவரைப் பத்து வேலை நாளுக்குள் நீக்க வேண்டும். மீறினால் பாதிக்கப்பட்டவர் உரிமையியல் வழக்குத் தொடரலாம். நீதிமன்றம் ஓர் அஞ்சலுக்கு 25 சிங்கப்பூர் வெள்ளி வரை, மொத்தம் 10 லட்சம் வெள்ளி வரை இழப்பீடு விதிக்கலாம். முதல் 3,000 பேரில் 1,000 பேர் சிங்கப்பூர்வாசிகள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 25,000 வெள்ளி வரை போகக் கூடிய கணக்கு அது. எத்தனை டின் முறுக்கு விற்றால் அது திரும்பும் என்பது என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும்.

"எல்லாரும் செய்வதுதான்" என்ற ஏஜெண்டின் வாதத்துக்கு, அமெரிக்காவில் அப்படிச் செய்தவர்களில் சிலர் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பதே பதில். அங்கே 2004 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள கேன்-ஸ்பேம் சட்டம், கேளாத விளம்பரத்தை முற்றாகத் தடை செய்யவில்லை. விசித்திரமாகத் தோன்றலாம், ஆனால் பொய்யான அனுப்புநர் விவரம், ஏமாற்றும் தலைப்பு, பொய்ப் பெயரில் பல கணக்குகளும் டொமைன்களும் பதிவது, பிறர் கணினி வழியே அனுப்பித் தடத்தை மறைப்பது ஆகியவற்றைத்தான் அது குறிவைக்கிறது. அதாவது, வடிகட்டியை ஏமாற்றும் செயல்களையே. அச்சட்டத்தின்கீழ் ஜூரியின் முன் முதன்முதலாகக் குற்றவாளி ஆனவர் ஜெஃப்ரி குடின். ஓர் இணையச் சேவை நிறுவனத்தின் கணக்குப் பிரிவுபோல நடித்து அஞ்சல் அனுப்பியவர். 2007இல் அவருக்கு 70 மாதச் சிறை. ராபர்ட் சொலோவேக்கு 2008இல் 47 மாதம். ஆலன் ரால்ஸ்கிக்கு 2009இல் 51 மாதம். இவர்கள் பெருங்கள்வர்கள், நாம் பலகாரம் விற்பவர்கள் என்று நீங்கள் சொல்லலாம், அது நியாயம்தான். மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜெரமி ஜேன்ஸ் என்பவருக்கு வர்ஜீனியா மாநிலம் 9 ஆண்டுச் சிறை விதித்தது. ஆனால் அந்த மாநிலச் சட்டம், பெயரைச் சொல்லாமல் அரசியலோ சமயமோ பேசும் வணிகமல்லாத அஞ்சலையும் சேர்த்துப் பிடித்ததால், அரசியலமைப்புக்கு முரணானது என்று 2008இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. பெயரை மறைப்பது எல்லா இடத்திலும் குற்றமாகிவிடாது. விற்பதற்காக மறைப்பதுதான் தப்ப முடியாத இடம்.

பொறுப்பு யாருக்கு என்று கேட்டிருந்தீர்கள். இருவருக்கும்தான். உங்கள் தொழில் தனி உரிமையாளர் தொழிலாக இருப்பதால், தொழில் வேறு, நீங்கள் வேறு என்று சட்டம் பிரித்துப் பார்க்காது. அபராதம் வந்தால் உங்கள் சொந்தப் பணத்திலிருந்துதான் கட்ட வேண்டும். ஏஜெண்டை அமர்த்தியவர், எந்த நோக்கத்துக்கு என்று தீர்மானித்தவர், அதனால் ஆதாயம் பெறுபவர் நீங்கள். 'நான் கூலிக்குச் செய்தேன்' என்று அவர் சொல்ல முடியும். 'எனக்குத் தெரியாது' என்று நீங்கள் சொல்வது கடினம், ஏனெனில் இன்பாக்ஸில் விழும் தந்திரம் தெரியும் என்று அவர் சொன்னதைக் கேட்டுத்தான் பணம் கொடுத்தீர்கள். இப்போதே நிறுத்தினால் உங்களுக்குச் சாதகமானது ஒன்றுதான்: சந்தேகம் வந்தவுடன் நிறுத்தினீர்கள் என்பது. அதைத் தேதியோடு காட்டும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்குச் செய்ய வேண்டியவை இவை. ஏஜெண்டுக்கு மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும், இனி என் பெயரில் எதையும் அனுப்பக் கூடாது, என் தொழிலுக்காகப் பயன்படுத்திய பட்டியலை வேறு யாருக்கும் தரக் கூடாது, பட்டியல் எங்கிருந்து வந்தது என்று எழுத்தில் சொல்லுங்கள் என்று எழுதுங்கள். அவருடன் நடந்த உரையாடல், வங்கிப் பரிமாற்றச் சீட்டு, மாதிரி அஞ்சல் எதையும் அழிக்காதீர்கள். பயந்து அழித்துவிடுபவர்கள் தங்களுக்குச் சாதகமான சான்றையும் சேர்த்தே அழித்துவிடுகிறார்கள். உங்கள் மின்னஞ்சலின் கடவுச்சொல்லை அவரிடம் கொடுத்திருந்தால் உடனே மாற்றி, இருபடிச் சரிபார்ப்பை இயக்கி, அஞ்சல்கள் வேறெங்கோ தானாகத் திருப்பி விடப்படுகின்றனவா என்றும் பாருங்கள்.

சிங்கப்பூர்க்காரருக்குப் பதில் எழுதாமல் இருக்க வேண்டாம். தமிழிலோ ஆங்கிலத்திலோ இவ்வளவு போதும்: "உங்கள் முகவரியை ஒரு விளம்பர ஏஜெண்டின் பட்டியலிலிருந்து பயன்படுத்தினோம். உங்கள் ஒப்புதலைப் பெற்றிருக்கவில்லை. இனி உங்களுக்கு எங்களிடமிருந்து விளம்பரம் வராது. பட்டியலின் மூலத்தை ஏஜெண்டிடம் கேட்டிருக்கிறோம், தெரிந்ததும் அறிவிக்கிறோம்." சமாதானம் சொல்லி நீட்ட வேண்டாம், தீபாவளித் தள்ளுபடி எதையும் கடைசியில் சேர்க்கவே வேண்டாம். மலேசியர் ஒருவர் தம் தரவைப் பற்றி முறைப்படி விவரம் கேட்டால், 21 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது நம் சட்டம். இன்னொன்று: 3,000 பேருக்கும் மொத்தமாக மன்னிப்பு அஞ்சல் அனுப்பலாமா என்று உங்கள் மகன் கேட்கக் கூடும். வேண்டாம். கேளாதவருக்கு இன்னொரு கேளாத அஞ்சல் அது. வடிகட்டியின் கணக்கிலும் அப்படியே பதிவாகும்.

டொமைனின் நற்பெயரை மீட்க, தடைப்பட்டியல்களில் அது இருக்கிறதா என்று உங்கள் இணையதளத்தைப் பராமரிப்பவரைக் கொண்டு பார்க்கச் சொல்லுங்கள். எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றையும் அமைக்கச் சொல்லுங்கள். தடைப்பட்டியலில் இருந்தால், நடந்ததையும் நிறுத்தியதையும் சொல்லி நீக்கக் கோரலாம். அதுவரை பில்களை வாட்ஸ்அப்பில் அனுப்பி, மின்னஞ்சலில் வந்ததா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

விளம்பரத்துக்கு உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் வாடிக்கையாளர்களே போதுமானவர்கள் என்பது என் கணிப்பு. ஆர்டர் எடுக்கும் தாளில், 'அடுத்த பண்டிகைக்கான விலைப்பட்டியலை மின்னஞ்சலில் பெற விரும்புகிறேன்' என்று ஒரு கட்டம் வையுங்கள். அது முன்கூட்டியே நிரப்பப்படாமல் காலியாக இருக்கட்டும். பசார் மாலாம் (இரவுச் சந்தை) கடையிலும் கோயில் விழாக் கடையிலும் அதே தாளை வைக்கலாம். தரவை எதற்குப் பயன்படுத்துவீர்கள் என்ற அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்று 7ஆம் பிரிவு சொல்கிறது. நம் வாடிக்கையாளர்களுக்காகத் தமிழிலும் சேர்த்துக்கொள்ளுங்கள், தமிழில் மட்டும் வைத்துவிடாதீர்கள். அனுப்பும் ஒவ்வொரு விளம்பரத்திலும் உங்கள் தொழிலின் பெயர், முகவரி, வேலை செய்யும் விலகல் இணைப்பு மூன்றும் இருக்கட்டும். சிங்கப்பூருக்குப் போவதைத் தனிப் பட்டியலாக வைத்து, ஒப்புதல் தந்த தேதியையும் எதிரே குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, ஏஜெண்டின் மேல் புகார் செய்யலாமா என்பது. அவர் பட்டியலின் மூலத்தைச் சொல்லி, நிறுத்தியதை எழுத்தில் உறுதி செய்தால், முன்பணத்தைத் திரும்பக் கேட்பதோடு விட்டுவிடுவது உங்கள் விருப்பம். பதிலே வராவிட்டாலோ, உங்கள் பெயரில் தொடர்ந்து அஞ்சல் போனாலோ, தாமதிக்காமல் புத்ராஜெயாவில் உள்ள தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடமும், தொடர்பு பல்லூடக ஆணையமான எம்சிஎம்சியிடமும் புகார் செய்யுங்கள். புகாரோடு அந்த அஞ்சலை ஸ்கிரீன்ஷாட்டாக அனுப்பாதீர்கள். அது எந்த வழியாக வந்தது என்ற முழு விவரங்களோடு கோப்பாகச் சேமித்து இணையுங்கள். ஜிமெயிலில் அஞ்சலைத் திறந்து, வலப்பக்க மூன்று புள்ளிகளை அழுத்தினால், மூல வடிவத்தைக் காட்டும் வசதியும் பதிவிறக்கும் வசதியும் இருக்கின்றன. எந்தச் சேவையகம், எந்த நேரத்தில், யார் பெயரில் அனுப்பியது என்பதெல்லாம் அந்தக் கோப்பில்தான் இருக்கிறது.